அளவும் காரணமும்: வாகனத் தொங்கல் அமைப்பின் நுண்ணுறுப்புகளும் வழங்குநர் உறவும்

முன்னுரை

'வலி', 'வளி', 'வழி' என்னும் மூன்று சொற்களையும் நாம் தொடக்கப்பள்ளியிலேயே கற்கிறோம். வாயினுள் நாவின் நிலை சற்றே மாறுகிறது. பொருளோ நோவு, காற்று, பாதை என முற்றிலும் வேறாகிவிடுகிறது. ஒரு மாத்திரை கூடினால் 'படம்' 'பாடம்' ஆகிவிடுகிறது. சிறிய வேறுபாடு பெரிய விளைவைத் தரும் என்னும் உண்மையை நம் மொழி நமக்கு இளமையிலேயே உணர்த்திவிடுகிறது.

எஃகை அளந்து உறுப்புகள் செய்யும் தொழிலிலும் இவ்வுண்மையே ஆட்சி செய்கிறது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், வாகனங்களின் தொங்கல் அமைப்புக்குரிய நுண்ணுறுப்புகளை ஒரு நிறுவனம் வரைந்து தர, மற்றொரு நிறுவனம் செய்து தரும் முறையாகும். வரைபவரை 'வாங்குநர்' என்றும், செய்து தருபவரை 'வழங்குநர்' என்றும் குறிப்போம். மலேசியத் தொழிற்பேட்டைகளில் இவ்வழங்குநரை 'வெண்டர்' என்று அழைப்பதும் உண்டு.

இவ்விருவருக்கும் இடையே நாள்தோறும் சென்று வருவன எண்கள். எண்கள் பொய் சொல்லா என்பது நம் பொதுவான நம்பிக்கை. ஆயினும், எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும் உறுப்பு தவறிவிடுவது உண்டு. அது ஏன் நேர்கிறது, அதனைத் தடுப்பது எவ்வாறு என்பனவற்றை ஆராய்வதே நம் நோக்கம். ஓர் அளவு எதற்காக இடப்பட்டது என்பதை அறிந்தவரே அவ்வளவை முழுமையாகக் காக்க வல்லவர் என்பதே நாம் நிறுவ விழையும் கருத்து.

தொங்கல் அமைப்பின் வேலை

வாகனத்தின் உடற்பகுதிக்கும் சக்கரங்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைப்பது தொங்கல் அமைப்பு. பணிமனைகளில் இது 'சஸ்பென்ஷன்' என்றே வழங்கும். இதிலுள்ள சுருள்வில் வாகனத்தின் எடையைத் தாங்குகிறது. சாலையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பச் சுருங்கி விரிகிறது. ஆனால், ஒருமுறை அழுத்தப்பட்ட வில் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. தடுப்பார் இல்லையெனில் வாகனத்தின் உடல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு முறை என்னும் கதியில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவ்வாட்டத்தை அடக்குவது 'ஷாக் அப்சார்பர்' எனப்படும் அதிர்வுதணிப்பான். எண்ணெய் நிரம்பிய உருளை ஒன்றினுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. பிஸ்டனில் சிறு துளைகள் உள்ளன. அத்துளைகளை மெல்லிய எஃகுத் தகட்டு வளையங்கள் மூடியிருக்கின்றன. எண்ணெயின் அழுத்தத்தால் தகடுகள் சற்றே வளைந்து வழிவிட, எண்ணெய் நெருக்கிக்கொண்டு கடந்து செல்கிறது. இந்நெருக்கத்தில் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு உருளையின் மேல்வாய் வழியே வெளிவருகிறது. அவ்வாயில் பொருத்தப்பட்ட ரப்பர் சீலின் உதடு தண்டைத் தழுவி நின்று, எண்ணெய் வெளியே கசியாமலும் தூசி உள்ளே புகாமலும் காக்கிறது.

வாங்கிய நாளில் நன்றாயிருந்த அதிர்வுதணிப்பான் எண்ணெய் கசிந்து வலுவிழந்தால், பயணம் அசௌகரியமாவது மட்டுமன்று. கரடுமுரடான சாலையில் டயர் தரையைவிட்டுத் துள்ளும். தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் இயலாது. வளைவில் திரும்பவும் இயலாது. மழை நாளில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்தை நினைத்துப் பார்த்தால், இவ்வுறுப்பின் அளவு எவருடைய நலனைக் காக்கிறது என்பது விளங்கும்.

பொறுதி என்னும் எல்லை

22 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒன்று வேண்டும் என்று வரைபடத்தில் எழுதுவது எளிது. ஆனால், எந்த இயந்திரமும் எல்லாத் தண்டுகளையும் மிகச் சரியாக 22 மில்லிமீட்டராகவே செய்துவிட முடியாது. ஆதலால், எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பொறியாளர் 'டாலரன்ஸ்' என்று கூறும் இதனைப் 'பொறுதி' எனலாம். பொறுத்துக்கொள்ளுதல் என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

பொறுதிகளை வகுப்புகளாகப் பிரித்து வழங்கும் அனைத்துலகத் தரம் உண்டு. அதன் ஆறாம் வகுப்பின்படி, 22 மில்லிமீட்டர் தண்டுக்குரிய பொறுதி 13 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதைக் கருதினால் இவ்வெல்லையின் நுண்மை புலனாகும்.

இங்கு ஒரு பிழையான எண்ணத்தைக் களைய வேண்டும். பொறுதி எவ்வளவு குறுகலோ அவ்வளவு நன்று என்று இளம் பொறியாளர் பலர் கருதுகின்றனர். குறுகிய பொறுதிக்கு மெதுவான இயந்திர ஓட்டமும் கூடுதல் ஆய்வும் வேண்டும். கழிக்கப்படும் உறுப்புகளும் மிகும். இவையனைத்தும் விலையில் ஏறும். அதனினும் பெரிய தீமை ஒன்றுண்டு. ஒரு பாடநூலின் எல்லா வரிகளுக்கும் அடிக்கோடிட்டுத் தந்தால் மாணவர் எதனை முதன்மையாகக் கொள்வர்? எல்லா அளவுகளுக்கும் குறுகிய பொறுதி இட்ட வரைபடமும் அத்தகையதே. உண்மையில் உயிர்காக்கும் அளவு எது, வெறும் பழக்கத்தால் எழுதப்பட்ட அளவு எது என்று வழங்குநரால் பிரித்தறிய இயலாமற் போகிறது.

பொறுதியின் காரணத்தை ஆராய்ந்ததால் ஒரு துறையே திருந்திய வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் அலெக்சாந்திரியா நகரில் இயங்கிய அரச கடற்கணைத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் என்பார், துளைகளின் இடத்தைக் குறிக்கும் வழக்கமான முறையில் ஒரு குறையைக் கண்டார். ஒரு துளையின் மையம் கிடையாக 0.1 மில்லிமீட்டரும் நெடுக்காக 0.1 மில்லிமீட்டரும் இருபுறமும் விலகலாம் என்று எழுதினால், மையம் இருக்கத்தக்க இடம் ஒரு சதுரமாகிறது. அச்சதுரத்தின் மூலையிலுள்ள துளை, நடுவிலிருந்து ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர் விலகியும் ஏற்கப்படுகிறது. ஆனால், அதே 0.14 மில்லிமீட்டர் நேர் கிடையாக விலகிய துளையோ கழிக்கப்படுகிறது. பொருத்தப்படும் ஆணிக்குத் திசை தெரியாது. அதற்குத் தெரிந்தது தூரம் மட்டுமே. எனவே, எல்லை சதுரமாக அன்றி வட்டமாக இருத்தலே முறை. அச்சதுரத்தைச் சூழ்ந்து வரையும் வட்டத்தின் பரப்பு, சதுரத்தைவிட ஏறத்தாழ 57 விழுக்காடு மிகுதி. அதாவது, பொருத்தத்திற்கு ஒரு கேடும் இன்றி வழங்குநருக்கு அத்துணைக் கூடுதல் இடம் கிடைக்கிறது.

அதிர்வுதணிப்பானின் கீழ்ப்பகுதியைச் சக்கரத்தோடு பிணைக்கும் தாங்கியில் இரு துளைகள் உள்ள வாகனங்கள் பல. அத்துளைகளின் இடமே சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று. சாய்வு மிகுந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். இங்குத் துளையின் இடத்திற்குப் பொறுதி இடுபவர், டயரின் தேய்மானத்தை மனத்தில் கொண்டே இட வேண்டும். வழங்குநரும் அதனை அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு வெப்பமும் அளவும்

அளவுகள் யாவும் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியவை என்று 1931ஆம் ஆண்டில் அனைத்துலக அளவில் ஏற்கப்பட்டது. வரைபடத்தில் எழுதாவிட்டாலும் இவ்விதி அதில் அடங்கியிருக்கிறது. குளிர்நாடுகளில் வகுக்கப்பட்ட இவ்விதி, நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்குத் தனிப்பட்ட சிக்கல் ஒன்றைத் தருகிறது.

நண்பகலில் 32 பாகை வெப்பமுள்ள பட்டறை ஒன்றைக் கொள்வோம். எஃகு ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரிகிறது. வேறுபாடு 12 பாகை. 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஏறத்தாழ 3 மைக்ரான் பருத்திருக்கும். 300 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 41 மைக்ரான் நீண்டிருக்கும். 13 மைக்ரான் பொறுதியில் 3 மைக்ரான் என்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

அளக்கும் கருவியும் எஃகால் ஆனதாயின், அதுவும் தண்டோடு அதே சூட்டில் ஊறியிருந்தால், இரண்டும் ஒருங்கே விரிவதால் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். சாணையிலிருந்து சூடாக எடுத்த தண்டை, குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கொண்டுவந்த கருவியால் உடனே அளக்கும்போதுதான் பிழை புகுகிறது. வாங்குநரின் ஆய்வுக்கூடம் 20 பாகையில் இருக்க, வழங்குநரின் பட்டறை 32 பாகையில் இருக்க, ஒரே தண்டுக்கு இருவரும் இருவேறு அளவுகள் கூறுவர். ஒருவர் மற்றவரை ஐயுறுவர். உறுப்பை எங்கு, எவ்வளவு நேரம் ஆறவிட்டு, எதனால் அளப்பது என்று முன்னரே பேசி முடித்திருந்தால் அவ்வையத்துக்கு இடமே இராது.

இதன் பொருட்டே 'அளவீட்டு முறையின் ஆய்வு' என்னும் வழக்கம் ஏற்பட்டது. ஒரே உறுப்புகளைப் பலர் பலமுறை அளக்கின்றனர். அளப்பவரும் கருவியும் சேர்ந்து உண்டாக்கும் ஏற்றத்தாழ்வு, பொறுதியில் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் முறை நன்று. 30 விழுக்காட்டைத் தாண்டினால் அம்முறை ஏற்கத்தக்கதன்று என்பது வாகனத் தொழிலில் நிலவும் நெறி. உறுப்பைக் குறைகூறுவதற்கு முன் அளவுகோலைச் சோதிக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

மெல்லிய தகட்டின் கணக்கு

பிஸ்டனின் துளைகளை மூடும் தகட்டு வளையங்களின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் போன்ற சிறு அளவாகவே இருக்கும். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்புண்டாகும். 0.20 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய தகடு 0.21 மில்லிமீட்டராகிவிட்டால், அதாவது 10 மைக்ரான் கூடினால், விறைப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு மிகும். 0.22 ஆகிவிட்டாலோ 33 விழுக்காடு மிகும்.

இத்தகடுகள் பல அடுக்கப்படும்போது, வலப்பக்கச் சக்கரத்திலும் இடப்பக்கச் சக்கரத்திலும் வெவ்வேறு விறைப்புகள் அமைந்துவிடக் கூடும். ஓட்டுநர் வண்டி ஒருபுறமாக ஆடுகிறது என்பார். பணிமனையில் எவரும் காரணம் காணமாட்டார். தகடு செய்யும் வழங்குநருக்கு மும்மடிக் கணக்கு சொல்லப்படாவிட்டால், 'பத்து மைக்ரான்தானே' என்று அவர் கருதுவது இயல்பே. சொல்லப்பட்டுவிட்டால், தம்மிடம் வரும் எஃகுச் சுருளின் தடிமனை அவரே முன்வந்து சோதிப்பார்; எல்லைக்குள் இருந்தாலும் ஓரத்திற்கு நகரும் சுருளைப் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பார்.

ஒரு தண்டு கற்பித்த பாடம்

நாம் அருகிருந்து கண்ட நிகழ்வு ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். நிறுவனங்களின் பெயர் இதற்குத் தேவையில்லை. பிஸ்டன் தண்டுகளைச் சாணையிட்டு, குரோமிய முலாம் பூசி, மெருகேற்றித் தரும் பட்டறை ஒன்று பல்லாண்டுகளாக ஒரே வாங்குநருக்கு வழங்கி வந்தது. ஒரு காலக்கட்டத்தில், விற்பனையான அதிர்வுதணிப்பான்கள் சில எண்ணெய் கசிந்து திரும்பி வரலாயின.

வாங்குநர் தண்டுகளை ஆய்ந்தார். விட்டம் சரியாக இருந்தது. முலாமின் தடிமன் சரியாக இருந்தது. கடினத்தன்மையும் சரியாக இருந்தது. பரப்பின் சொரசொரப்பும் வரைபடம் குறித்த எண்ணைத் தாண்டவில்லை. பட்டறையினர் தங்கள் அறிக்கைகளைக் காட்டி, குறை சீலில்தான் இருக்க வேண்டும் என்றனர். சீல் செய்தவரோ தண்டைச் சுட்டினார். கடிதங்கள் பறந்தன, பேச்சில் கசப்பு ஏறியது. ஒப்பந்தத்தை நிறுத்துவது பற்றியும் பேசப்பட்டது. அது நிறுத்தப்பட்டிருந்தால் அப்பட்டறையை நம்பியிருந்த குடும்பங்கள் வாழ்விழந்திருக்கும். குறையும் அடுத்த பட்டறைக்குப் போயிருக்கும்.

இறுதியில் பட்டறையின் மெருகேற்றும் பிரிவில் பணியாற்றிய மூத்த மேற்பார்வையாளரை வாங்குநரின் தொழிற்சாலைக்கு அழைத்து வந்தனர். அதிர்வுதணிப்பான் ஒன்று கோக்கப்படுவதை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். சற்று நேரம் கழித்து இளம் பொறியாளரிடம், "தம்பி, இந்த ரப்பர் உதடு தண்டு மேலேயே உரசிக்கிட்டு ஓடுதா?" என்று கேட்டார். ஆம் என்றதும் அவர் அமைதியானார். பிறகு, தண்டு பளபளப்பது துருவைத் தடுக்கவும் அழகுக்காகவும் என்றே இத்தனை ஆண்டுகளும் தாம் எண்ணியிருந்ததாகச் சொன்னார். வழக்கமாக வாங்கிய மெருகுநாடா கிடைக்காமற் போனதால் வேறொன்றுக்கு மாறியதையும், புதிய நாடா ஒரே ஓட்டத்தில் அதே எண்ணைத் தந்ததால் கடைசி மென்மெருகு ஓட்டத்தை நிறுத்திவிட்டதையும் அவரே எடுத்துரைத்தார். எதையும் மறைக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை; அது சொல்லத்தக்க செய்தி என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

எண் மாறாமல் பரப்பு மட்டும் எவ்வாறு மாறியது? சொரசொரப்பைக் குறிக்கும் வழக்கமான எண், பரப்பின் மேடுபள்ளங்கள் நடுக்கோட்டிலிருந்து விலகும் தூரங்களின் சராசரியாகும். கூரிய சிகரங்கள் நிறைந்த மலைத்தொடர் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதனை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் சிகரங்கள் பள்ளங்களாகும். மேற்பரப்போ சமவெளி போலாகும். சராசரி எண் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால், சிகரங்கள் மேல்நோக்கிய பரப்பு ரப்பர் உதட்டை அரம் போல் அராவித் தேய்க்கும். சமவெளியும் சிறு பள்ளங்களும் கொண்ட பரப்போ, பள்ளங்களில் எண்ணெயைத் தேக்கி உதட்டுக்கு வழுக்கலைத் தரும். நிறுத்தப்பட்ட மென்மெருகு ஓட்டம்தான் சிகரங்களைத் தறித்து வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிகரங்கள் தீயவை என்று எண்ணித் தண்டைக் கண்ணாடி போல் மிகையாக வழுவழுப்பாக்கினால், எண்ணெய்ப்படலம் தங்க இடமின்றி உதடு வறண்டு உரசித் தேயும். ஆகவே, 'இன்னும் மென்மையாக்குக' என்னும் கட்டளை ஒருபோதும் தீர்வாகாது.

வாங்குநர் வரைபடத்தைத் திருத்தினார். சராசரி எண்ணோடு சிகரங்களின் உயரத்திற்கும் தனி எல்லை இட்டார். அத்துடன், 'இப்பரப்பின்மீது ரப்பர் சீல் உராய்ந்து இயங்கும்' என்று ஒரே ஒரு வரியையும் சேர்த்தார். பட்டறை கடைசி ஓட்டத்தை மீண்டும் தொடங்கியது, கசிவு நின்றது. அவ்வரி முதலிலேயே எழுதப்பட்டிருக்குமானால், நாடாவை மாற்றிய நாளிலேயே அம்மேற்பார்வையாளர் கேள்வி எழுப்பியிருப்பார். குறை எவருடையது என்று கேட்டால், எண்ணைக் கொடுத்துக் காரணத்தைக் கொடுக்காதவருக்கும், மாற்றத்தைச் செய்து அறிவிக்காதவருக்கும் அதில் பங்குண்டு என்றே கூற வேண்டும்.

ஒப்புதல் நடைமுறையின் உட்பொருள்

இத்தகைய இடர்களைத் தவிர்க்க வாகனத் தொழில் நெடிய நடைமுறைகளை வகுத்துள்ளது. அமெரிக்காவின் கிரைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் தத்தம் வழங்குநர்க்குத் தனித்தனியாக விதித்த நெறிகளை ஒன்றாக்கி 1994இல் கியூ.எஸ். 9000 என்னும் தரத்தை வெளியிட்டன. 1999இல் ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 16949 வந்தது, 2016 முதல் ஐ.ஏ.டி.எஃப். 16949 நடப்பிலுள்ளது. புரோட்டான் நிறுவனம் 1983இல் தோன்றி 1985இல் சாகா காரை வெளியிட்ட பின்னர் மலேசியாவில் வளர்ந்த உதிரிப்பாக வழங்குநர்களும் இத்தகைய தரங்களைக் கற்றே உலகச் சந்தையை அணுக வேண்டியவராயினர்.

பெருவாரியான உற்பத்திக்கு முன், வழங்குநர் தம் வழக்கமான இயந்திரத்தில், வழக்கமான பணியாளரைக் கொண்டு, பொதுவாகத் தொடர்ச்சியாக 300 உறுப்புகளேனும் செய்து காட்ட வேண்டும். மிகத் திறமையான ஒருவர் பொறுக்கியெடுத்து அனுப்பும் ஐந்து அழகிய மாதிரிகள் எதனையும் மெய்ப்பிப்பதில்லை. தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்த ஒரு விடையைக்கொண்டு மாணவரின் புலமையை மதிப்பிட முடியாததைப் போன்றது இது.

அளவுகள் எல்லைக்குள் இருப்பது மட்டும் போதாது. நடுவிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதும் கணிக்கப்படும். சிதறலுக்கும் எல்லைக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் திறன்குறியீடு 1.33ஆக இருந்து, சராசரியும் நடுவிலேயே நின்றால், பத்து இலட்சம் உறுப்புகளில் எல்லை தாண்டுபவை ஏறத்தாழ 63. குறியீடு 1.67ஆக உயர்ந்தால் ஒன்றுக்கும் குறைவு. பாதுகாப்புக்குரிய அளவுகளுக்கு உயர்ந்த குறியீடு கேட்கப்படுவது இதனாலேயே.

ஆய்வால் காண முடியாத குறைகளும் உண்டு. குரோமிய முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்துவிடக் கூடும். வன்மையூட்டப்பட்ட எஃகு இதனால் நொறுங்கும் தன்மை அடைகிறது. முலாம் பூசியபின் தாமதமின்றி சுமார் 200 பாகை சூட்டில் சில மணி நேரம் வைத்தால் ஹைட்ரஜன் வெளியேறும். அவ்வாறு வைக்கப்பட்ட தண்டும் வைக்கப்படாத தண்டும் கண்ணுக்கு ஒன்றே, மைக்ரோமீட்டருக்கும் ஒன்றே. சூளையின் அருகே நிற்கும் பணியாளரின் நேர்மையும் அவர் எழுதும் நேரக்குறிப்புமே இங்குப் பாதுகாப்பு. தமக்கு ஏன் அந்தச் சூடு தேவை என்பதை அறிந்தவர், வேலை முடியும் நேரம் நெருங்கினாலும் சூளையை முன்கூட்டியே அணைக்கமாட்டார்.

விலையும் நம்பிக்கையும்

காரணத்தைச் சொல்வதற்கு வாங்குநர் தயங்குவதுண்டு. தம் வடிவமைப்பின் மறைபொருள் வெளியே போய்விடும் என்பது ஓர் அச்சம். குறையைச் சொல்வதற்கு வழங்குநர் தயங்குவதுண்டு. விலை குறைக்கப்படும், அல்லது வேலை பறிபோகும் என்பது அவர் அச்சம். ஒவ்வோராண்டும் விலையை மட்டும் குறைக்கச் சொல்லி நெருக்கும் வாங்குநர், மெருகுநாடா மாறிய செய்தி தம் காதுக்கு வராத சூழலைத் தாமே உருவாக்குகிறார். மாறாக, எந்தப் பொறுதியைத் தளர்த்தினால் செலவு குறையும் என்று வழங்குநரைக் கேட்டு, பார்க்கர் செய்ததைப் போல் காரணத்தோடு தளர்த்தினால், விலையும் குறையும்; உறுப்பும் கெடாது.

நம்பிக்கையின் பயனை 1997இல் ஜப்பானில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. அது தொங்கல் அமைப்பைச் சாராமல் பிரேக் அமைப்பைச் சார்ந்ததாயினும் நம் பொருளுக்கு நெருங்கியது. அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாள், கரியா நகரிலிருந்த ஐசின் செய்கி நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. டொயோட்டா வாகனங்களின் பிரேக் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறு வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்குத்தான் செய்யப்பட்டது. இருப்பு மிகக் குறைவு. வாகன உற்பத்தி நின்றது. ஐசின் தன் வரைபடங்களைப் பிறரிடம் திறந்து கொடுத்தது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவ்வேலையில் கைகோத்தன. அவற்றுள் தையல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற பிரதர் நிறுவனமும் ஒன்று. ஏறத்தாழ ஒரு வாரத்தில் உற்பத்தி பெரும்பாலும் மீண்டது. வரைபடம் மட்டும் கைமாறியிருந்தால் இது நடந்திராது. நுணுக்கங்களை அறிந்தவர் அறியாதவருக்குத் தடையின்றிச் சொல்லியதாலும், நெடுநாள் உறவு தந்த நம்பிக்கையாலும் நடந்தது.

வகுப்பறைக்குச் சில கருத்துகள்

இவற்றால் ஆசிரியரும் மாணவரும் பெறத்தக்கவை யாவை? முதலாவது, எண்ணோடு காரணத்தையும் எழுதும் பழக்கம். அறிவியல் வகுப்பில் ஒரு நீளத்தை அளக்கும் மாணவரிடம், 'எவ்வளவு பிழை இருக்கலாம்? அப்பிழையால் என்ன நேரும்?' என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்கலாம். ஒரே பொருளை ஐவர் அளந்து, தம் அளவுகள் ஏன் வேறுபட்டன என்று தமிழில் எழுதச் செய்யலாம். அளவீட்டு ஆய்வின் முதற்பாடம் அதுவே.

இரண்டாவது, தெளிவான விளக்க உரைநடை. குறை நேர்ந்தபின் எழுதப்படும் அறிக்கையில் என்ன கண்டோம், எப்போது தொடங்கியது, எது மாறியது, எது மாறவில்லை என்பவை ஒன்றோடொன்று கலவாமல் இருக்க வேண்டும். 'தண்டு சரியில்லை' என்பது தீர்ப்பு. 'தண்டின் மேற்பகுதியில் எண்ணெய்க் கசிவு காணப்பட்டது' என்பது காட்சி. இரண்டையும் பிரித்தெழுதக் கற்பிப்பது மொழி ஆசிரியரின் பணியே. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திற்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ செல்லவிருக்கும் மாணவர், எம்மொழியில் அறிக்கை எழுதினாலும், தாய்மொழியில் பெற்ற இத்தெளிவு உடன்செல்லும்.

மூன்றாவது, வினவும் துணிவு. அம்மூத்த மேற்பார்வையாளரின் வினாவே சிக்கலின் முடிச்சை அவிழ்த்தது. அவ்வினாவை அவர் பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டிருந்தால் எவரும் தவறாகக் கருதியிருக்கமாட்டார். 'இது எதற்காக?' என்று கேட்கும் மாணவரை ஊக்குவிக்கும் வகுப்பறை, நாளைய பட்டறையின் குறைகளை இன்றே களைகிறது.

நிறைவாக

நுண்ணுறுப்புகளைச் செய்யும் தொழிலில் வாங்குநரையும் வழங்குநரையும் பிணைப்பது ஒப்பந்தத் தாள் மட்டுமன்று. வரைபடத்தில் எழுதப்படும் எண்ணுக்கும், அதனைக் கையில் ஏந்தும் மனிதரின் புரிதலுக்கும் உள்ள பொருத்தமும் ஆகும். 13 மைக்ரான் எல்லையைக் கருவிகளால் அளந்துவிடலாம். அவ்வெல்லை எதற்காக என்பதைச் சொற்களால்தான் சொல்ல முடியும். அச்சொற்கள் உரிய நேரத்தில், உரியவரிடம், தெளிவாகச் சென்று சேருமாயின், மழை பெய்யும் மாலைப்பொழுதில் மேடுபள்ளச் சாலையில் செல்லும் பள்ளிப் பேருந்தின் சக்கரங்கள் தரையைவிட்டு அகலா.